பாட்டை மட்டும் பாடு என்று சொன்னவர்களுக்கு

சபா நிர்வாகிகளுக்கு,

போன மாதம் எங்கள் ஊரில் ஒரு சபா நடத்திய குழந்தைகள் பாட்டுப் போட்டிக்கு என் மாணவி ஒருத்தியை அழைத்துக்கொண்டு போனேன். 11 வயது, ஆறாம் வகுப்பு. பட்டுப்பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். மேடையில் உட்கார்ந்து சுருதிப் பெட்டியைச் சரிசெய்துவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே, “நான் பாடப்போகும் பாட்டு பாபநாசம் சிவன் இயற்றியது. ராகம் காபி, தாளம்...” என்று தொடங்கினாள். மைக் பக்கத்தில் நின்றவர் குனிந்து, “அதெல்லாம் வேண்டாம்மா, நேரமில்லை. பாட்டை மட்டும் பாடு” என்றார். குழந்தை முழித்தது. கூட்டத்தில் என்னைத் தேடியது. நான் தலையசைத்தேன், பாடிவிட்டாள். நன்றாகவே பாடினாள். இறங்கி வந்ததும் முதல் கேள்வி, “பேர் சொன்னது தப்பா மிஸ்?”

அன்றைக்கு என்னால் அவளுக்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. இந்த மடல் அந்தப் பதில்தான். ஆனால் அது அவளுக்குச் சொல்ல வேண்டியது இல்லை, உங்களுக்குச் சொல்ல வேண்டியது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அது எந்தச் சபா என்று சொல்லப் போவதில்லை. அங்கே உழைக்கிறவர்கள் நல்லவர்கள். சொந்தக் காசைப் போட்டு நாற்காலி வாடகை கொடுக்கிறவர்கள். அந்தச் சபா மட்டும்தான் இப்படி என்றால் நேரில் போய்ப் பேசிவிட்டு வந்திருப்பேன். நேரில் போகவும் செய்தேன். போட்டியில் கொடுத்த அச்சிட்ட தாளில் போன வருடம் வரை ‘இயற்றியவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. இந்த வருடம் இல்லை. பரிசுப் பட்டியலில் என் மாணவி பாடிய பாட்டுக்கு நேராக, எழுதியவர் யாரென்றே தெரியாதது போல, ‘மரபுப் பாடல்’ என்று போட்டிருந்தார்கள். கேட்டபோது, கமிட்டியில் பேசி எடுத்த முடிவு என்றார் செயலர். ஒரே பக்கத்தில் அடங்க வேண்டுமாம். நேரமும் மிச்சமாம். அப்புறம் அவர் சொன்னதுதான் என் மனதை விட்டு அகலவில்லை. “சிவன் பெரிய பக்தர் அம்மா. பேருக்கு ஆசைப்பட்டவரா அவர்?”

எழுதிக் கொடுங்கள், பார்க்கிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. அதன்பிறகு மற்ற சபாக்களின் அழைப்பிதழ்களை எடுத்துப் பார்த்தேன், காணொளிகளைப் பார்த்தேன். பல இடங்களில் இதே கதைதான். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பாபநாசம் சிவன் யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள். தேவை இருக்கிறது என்றுதான் அந்த ‘மரபுப் பாடல்’ எனக்குச் சொல்கிறது.

1890இல் தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்தவர். வைத்த பெயர் ராமையா. சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மா யோகாம்பாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உறவினரை நம்பித் திருவனந்தபுரம் போனார். அங்கே சமஸ்கிருதக் கல்லூரியில் வியாகரணம், அதாவது இலக்கணம், படித்தார் ராமையா. பாடலாசிரியர் நீலகண்ட சிவனின் பஜனைகளில் போய் உட்கார்ந்து பாட்டு கேட்டார். 1910இல் அம்மாவும் போன பிறகு அந்தப் பையனுக்கு ஊர் என்று ஒன்று இல்லை. கோவில் கோவிலாகப் பாடிக்கொண்டு அலைந்தார். அண்ணன் இருந்த பாபநாசத்தில், நெற்றியிலும் மேலிலும் திருநீறு பூசிக்கொண்டு பாடித் திரிந்த இவரை ஊரார் சிவன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் அவர் தேடிப்போய் வைத்துக்கொண்டது இல்லை, அவர் பாட்டைக் கேட்ட ஜனங்கள் கொடுத்தது. நீங்கள் நேரமில்லை என்று நிறுத்தச் சொன்னது அந்தப் பெயரைத்தான்.

சங்கீத வித்வான் கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரிடம் பழகிப் பாட்டை வளர்த்துக்கொண்டார். பிறகு சென்னை, மயிலாப்பூர். 1934இல் வந்த ‘சீதா கல்யாணம்’ படத்துக்கு இசை அவர். ‘பக்த குசேலா’வில் குசேலராகவும், 1939இல் ‘தியாக பூமி’யில் சம்பு சாஸ்திரியாகவும் நடித்தார். கலாக்ஷேத்ராவில் பாட்டு சொல்லிக்கொடுத்தார். சமஸ்கிருதச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் அகராதி ஒன்றைத் தொகுத்தார். சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி விருது கொடுத்தது 1971இல். மத்திய அரசு பத்ம பூஷண் கொடுத்தது 1972இல். 1973 அக்டோபர் முதல் தேதி காலமானார். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய விருதுகள் இரண்டும் வந்தபோது அவருக்கு வயது 80 தாண்டிவிட்டது. பாட்டை உடனே எடுத்துக்கொண்ட நாம், பாராட்டை அப்போதே தாமதமாகத்தான் கொடுத்திருக்கிறோம்.

நடுவில் இருந்த வருடங்களில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். 1941இல் ‘அசோக்குமார்’, 1943இல் ‘சிவகவி’, 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’, எல்லாம் அவர் பாட்டெழுதிய படங்கள். தமிழ்நாடே பாடியது. ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளி பார்த்த படம். அந்தப் பாட்டுகளை இன்றைக்கும் எல்லோரும் எப்படிச் சொல்கிறார்கள்? ‘பாகவதர் பாட்டு’. அவற்றில் நடித்துப் பாடிய எம்.கே. தியாகராஜ பாகவதர் மாதிரி ஒரு தொண்டை இனி வருமா என்று தெரியாது. அவர் புகழில் ஒரு துளியும் குறையச் சொல்லவில்லை. ஆனால் ‘மன்மத லீலையை’ என்று தொடங்கும் பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் எழுதியவர் சிவன். என் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டு விடும் பெற்றோர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டு தெரியாதவர் ஒருவரும் இல்லை. எழுதியவரைச் சொன்னவர் இதுவரை இரண்டு பேர். இரண்டு பேரும் எழுபதைத் தாண்டிய தாத்தாக்கள்.

சினிமாவை விடுங்கள், நம் கச்சேரிக்கு வருவோம். எந்தப் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கும் போங்கள், ‘என்ன தவம் செய்தனை’ வராமல் இருக்காது. மார்கழியில் ஒரு வாரம் கச்சேரி கேட்டால் நவரசகன்னடா ராகத்தில் ‘நான் ஒரு விளையாட்டு பொம்மையா’, மத்தியமாவதியில் ‘கற்பகமே’, வராளியில் ‘கா வா வா’, இவற்றில் ஒன்றாவது காதில் விழும். இவையெல்லாம் ஒரே மனிதர் பாட்டு என்று தெரியாமலேயே ரசிகர்கள் எழுந்து போகிறார்கள். போன மார்கழியில் ஒரு கச்சேரியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், கண் கலங்கி முடித்துவிட்டு, “இது யார் கிருதி?” என்று என்னைக் கேட்டார். கையில் சபா கொடுத்த அட்டை இருந்தது. அதில் நகைக்கடை இருந்தது, வங்கி இருந்தது, கேன்டீன் நடத்துகிறவர் பெயரும் போன் நம்பரும் இருந்தன.

கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான தியாகராஜர் விஷயத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. அவர் பெயர் பாட்டின் கடைசிப் பகுதியான சரணத்திலேயே வந்துவிடும். யாரும் அறிவிக்காவிட்டாலும் பாடகர் வாயாலேயே அவர் பெயர் வெளியே வரும். முத்துசுவாமி தீட்சிதருக்கு ‘குருகுஹ’, சியாமா சாஸ்திரிக்கு ‘சியாம கிருஷ்ண’. கேட்டுப் பழகிய காதுகளுக்கு, இயற்றியவர் பாட்டுக்குள் வைக்கும் அடையாளச் சொல்லான அந்த முத்திரை போதும். சிவன் வைத்துக்கொண்ட முத்திரை ‘ராமதாசன்’. பிறந்த பெயர் ராமையா அல்லவா, அதிலிருந்து வந்தது. ஆனால் ராமதாசன் என்று காதில் விழுந்ததும் நம் மக்களுக்கு ராமரைத் தெலுங்கில் பாடிய பத்ராசல ராமதாசர்தான் நினைவுக்கு வருகிறார். சினிமாவுக்கு எழுதியதில் முத்திரைக்கு இடமே இருக்காது, அது கதாபாத்திரம் பாடும் பாட்டு. ஆக, தன் பாட்டுக்குள்ளேயே தன்னைக் காட்டிக்கொள்ளும் வழியும் இந்த மனிதருக்கு அடைபட்டிருக்கிறது. மேடையில் ஒருவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. அச்சிட்டுக் கொடுத்தால்தான் உண்டு. மற்ற யாரைவிடவும் இவருக்கு உங்கள் அறிவிப்பு தேவைப்படுகிறது.

என் பாட்டியின் நோட்டுப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட பழைய நோட்டு, முதுகில் துணி ஒட்டியிருக்கும். அடுப்படியில் வைத்திருந்தார் போல, பக்கங்களின் ஓரம் எல்லாம் எண்ணெய் குடித்து மஞ்சளாகிவிட்டது. பாட்டி பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான். ரேடியோவில் கேட்ட சிவன் பாட்டுகளை எழுதி வைத்திருக்கிறார். ஒரே நாளில் முழுப் பாட்டும் கிடைக்காது. பல்லவி ஒரு நாள் மையில், சரணம் வேறொரு நாள் பென்சிலில். விட்டுப்போன சொல்லுக்கு ஒரு சின்னக் கோடு, பிறகு என்றைக்கோ அந்தக் கோட்டின் மேல் சொல் நிரப்பப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகம், தாளம், அதன் பக்கத்தில் ‘பா. சிவன்’. ஒரு பாட்டில்கூட விட்டுப்போகவில்லை.

பாட்டிக்கு எப்படித் தெரிந்தது? வானொலி அறிவிப்பாளர் சொன்னார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இயற்றியவர் பெயர், ராகம், தாளம், இந்த மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். வானொலியிலும் நேரம் நிமிடக் கணக்கில் அளந்து கொடுப்பதுதான். அவர்களால் முடிந்தது. அந்த மூன்று சொற்களால்தான் அடுப்படியில் நின்ற ஒரு பெண்ணுக்கு, தான் முணுமுணுக்கும் பாட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்று தெரிந்தது. அந்த நோட்டிலிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன், என்னிடமிருந்து அந்த 11 வயதுக் குழந்தை. மூன்று தலைமுறையாகக் கைமாறி வந்த பெயர் உங்கள் மேடை மைக்கில் வந்து நின்றுவிட்டது.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவளையே சொல்லச் சொன்னேன். ‘பாபநாசம் சிவன் இயற்றியது’ என்பதற்கு மூன்று விநாடி. அன்று பாடியவர்கள் 40 குழந்தைகள். எல்லோரும் சொல்லியிருந்தால் மொத்தம் இரண்டு நிமிடம். பொன்னாடை போர்த்தவே அன்று கால் மணி நேரம் ஆனது. பொன்னாடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரமில்லை என்பது காரணம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அவர் பேருக்கு ஆசைப்படாதவர் என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். இருக்கலாம். பத்துப் பதினைந்து வருடம் முன்பு ஒரு மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதியில் பஜனை கோஷ்டியோடு நடந்திருக்கிறேன். சிவன் பல பத்தாண்டுகள் முன்னால் நின்று நடத்திய பஜனை அது, அவருக்குப் பிறகும் நடந்துகொண்டு வருகிறது. இருட்டு முழுசாகப் பிரியவில்லை. அப்போதுதான் போட்ட கோலம் ஈரமாக இருந்தது, மிதித்துவிடக் கூடாது என்று எல்லோரும் ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். ஆர்மோனியத்தைத் தோளில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர். ஒரு வீட்டு வாசலில் ஒரு கிழவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். பாட்டு கிட்டே வந்ததும் கை கூப்பினார். எங்களுக்கு இல்லை, பாட்டுக்கு. சங்கீத கலாநிதி வாங்கக்கூடிய ஒரு மனிதர் டிக்கெட் இல்லாமல், மேடை இல்லாமல், வருடம் தவறாமல் இந்தத் தெருவில் நடந்து பாடியிருக்கிறார். அவர் பேருக்கு அலைந்தவர் இல்லை என்பது அந்தத் தெருவிலேயே தெரிகிறது. மயிலைக் கபாலியின் வீதியுலாவைப் பார்த்து அவர் பாடிய காம்போதி ராகப் பாட்டு பிறந்ததும் அந்த வீதிகளில்தான்.

ஆனால் அந்த அடக்கம் அவருடையது. அதை எடுத்து நாம் செலவு செய்யக் கூடாது. ஒருவர் சம்பளம் கேட்க மாட்டார் என்பதற்காக அவருக்குச் சம்பளம் கொடுக்காமல் இருப்பது எப்படி நியாயமில்லையோ, இதுவும் அப்படித்தான். பாட்டெழுதிப் பாடுகிறவருக்குக் கடைசியில் மிஞ்சுவது பெயர் ஒன்றுதான். பணம் கைமாறிவிடும், படத்தின் உரிமை யாரிடமோ போய்விடும், குரலும் உடம்போடு போய்விடும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைத்தவர் தன் உரிமையை விற்றுவிட்டாலும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமை அவரை விட்டுப் போகாது என்கிறது. படைத்தவர் இறந்த பின் 60 ஆண்டு காப்புரிமை உண்டு. சிவன் விஷயத்தில் அது 2033 முடிய நிற்கிறது. அதாவது நீங்கள் ‘மரபுப் பாடல்’ என்று அச்சடித்தது, எழுதியவர் யார் என்று ஊருக்கே தெரிந்த, இன்னும் காப்புரிமைக்குள் இருக்கிற ஒரு பாட்டை. வழக்கு, வக்கீல் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மரியாதைக்காகச் செய்கிற சலுகை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் உங்கள் கடமை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. நீங்கள் இப்போது உங்கள் நிகழ்ச்சிகளை யூடியூபில் ஏற்றுகிறீர்கள். நல்ல காரியம், வெளிநாட்டில் இருக்கும் என் பழைய மாணவிகள் அதில்தான் கச்சேரி கேட்கிறார்கள். அங்கே பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், ஒலியமைப்பு, விளம்பரதாரர் என்று வரிசையாகப் போடுகிறீர்கள். இயற்றியவர் இல்லை. அடுத்த தலைமுறை ஒரு பாட்டைப் பற்றித் தேடினால் முதலில் கிடைப்பது உங்கள் காணொளிதான். அதில் விட்டுப்போனது அங்கிருந்து எடுத்தெழுதுகிற எல்லா இடத்திலும் விட்டுப்போகும். ‘மரபுப் பாடல்’ என்று ஒரு தடவை ஏறிவிட்டால் அதை இறக்க யார் இருக்கிறார்கள்? என் வகுப்புப் பிள்ளைகள் போட்டிக்குப் பாட்டு எடுத்துவரும்போது கூடவே ஒரு தவறான பெயரையும் எடுத்துவருவது இப்போதே நடக்கிறது. இதே சிவனின் பாட்டு ஒன்றை, கண்ணன் பாட்டுகளுக்குப் பெயர்போன ஊத்துக்காடு வேங்கட கவியின் பாட்டு என்று ஒரு பையன் அடித்துச் சொன்னான். கண்ணனைப் பற்றிய பாட்டு என்பதால் எங்கோ யாரோ அப்படிப் போட்டிருக்கிறார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்.

போட்டித் தாளில் ‘இயற்றியவர்’ கட்டத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இரண்டு பக்கம் ஆனால் ஆகட்டும், தாள் செலவை எங்களைப் போன்ற ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்கிறோம். ஒவ்வொரு குழந்தையும் பாடுவதற்கு முன் இயற்றியவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதை விதியாகவே வையுங்கள், சொன்னால் ஒரு மதிப்பெண் கூடக் கொடுங்கள். எழுதியவர் யார் என்று தெரிந்த எந்தப் பாட்டையும் ‘மரபுப் பாடல்’ என்று போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் கீர்த்தனைப் புத்தகத்தைப் பார்த்த, பாடம் கற்ற ஒருவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். எங்கள் ஊரில் அந்த வேலையை நான் சம்பளம் இல்லாமல் செய்து தருகிறேன்.

பெரியவர்கள் கச்சேரியில் பாடகரே சொல்லட்டும். அவர் மறந்தால் தொகுப்பாளர் சொல்லட்டும். சினிமாவில் வந்த சிவன் பாட்டைப் பாடும்போது படத்தின் பெயரோடும் பாகவதர் பெயரோடும் நிறுத்திக்கொள்ளாமல் சிவன் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இதுவரை ஏற்றிய காணொளிகளின் கீழே இயற்றியவர் பெயரைச் சேர்க்க மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். வருகிற டிசம்பர் சீசன் அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன் இந்த முடிவை உங்கள் கமிட்டியில் வைத்து, ஆம், இல்லை என்று ஏதோ ஒன்றை எழுத்தில் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்தப் போட்டியை நடத்தியவர்களுக்கு மட்டும் ஒன்று. என் மாணவிக்கு மூன்றாம் பரிசு கொடுத்தீர்கள். சான்றிதழில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ‘மரபுப் பாடல்’ என்று இருக்கிறது. அதைத் திருத்தி, ‘பாபநாசம் சிவன்’ என்று போட்டு, புதிதாக ஒன்று கொடுங்கள். கூடவே, அன்றைக்கு அவள் பெயர் சொன்னது சரிதான் என்று இரண்டு வரி எழுதி, அவள் பெயருக்கே அனுப்புங்கள். விலாசம் உங்கள் பதிவுப் படிவத்தில் இருக்கிறது.